மின்னழுத்தமானியில் கம்பி நீளமானால் உணர்திறன் ஏன் கூடுகிறது?

வைவாவில் (செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில்) இதைக் கேட்டு உங்களை முழிக்க வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "பாட்டில் கழுவுகிறவனுக்கு எதற்கு பிசிக்ஸ்" என்பவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

மின்னழுத்தமானி என்றால், பலகையில் மீட்டர் நீளக் கம்பிகளைத் தொடராக இழுத்துக் கட்டி, ஒரு செல்லின் வோல்ட்டைக் கம்பியின் நீளத்தை வைத்து அளக்கும் கருவி. எங்கள் பள்ளியில் பத்துக் கம்பிப் பலகைகளைத் தூக்கிவிட்டு நாலு கம்பிப் பலகைகளை இறக்கினார்கள். "மேசையில இடம் மிச்சம்ணே, விகிதம் ஒண்ணுதானே" என்றார் புதிதாக வந்த ஆசிரியர். "செஞ்சே காட்டுறேன் சார்" என்றேன்.

2 வோல்ட் மின்கலத்தைக் கம்பி முனைகளில் நேராகக் கொடுத்தால், நாலு மீட்டரில் சென்டிமீட்டருக்கு 5 மில்லிவோல்ட். பத்து மீட்டரில் 2தான். 1.08 வோல்ட் டேனியல் செல்லுக்குச் சின்னப் பலகையில் சமநிலை நீளம் (மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சுழியில் நிற்கும் நீளம்) 216 செ.மீ. வாக்கில், பெரியதில் 540 வாக்கில். ஜாக்கியை (கம்பியைத் தொடும் முனையை) ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் சின்னதில் அரை மில்லிவோல்ட் பிழை, பெரியதில் 0.2. உணர்திறன் என்பது இதுதான்.

அவர் விடவில்லை, மின்கலமும் கம்பியும் சேர்ந்த முதன்மைச் சுற்றில் 5 ஓம் ரியோஸ்டாட்டை (கூட்டிக் குறைக்கக்கூடிய தடையை) போட்டார். கம்பி மீட்டருக்கு 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மீட்டர் கம்பிக்குக் கிடைப்பது மொத்தமே 0.89 வோல்ட். கால்வனாமீட்டர் முள் கடைசிவரை ஒரே பக்கம்தான் சாய்ந்தது. பத்து மீட்டருக்கு 1.33 வோல்ட் கிடைத்ததால் 8.1 மீட்டர் அருகே சமநிலை வந்தது. ஆக, நீளம் இரண்டரை மடங்கானதும் மீட்டருக்கான வோல்ட் இரண்டரை மடங்கு குறைந்துவிடவில்லை, 0.22இலிருந்து 0.13க்கு வந்தது, அவ்வளவே. நீளத்துக்கு எதிர்விகிதம் என்று நோட்ஸில் இருப்பது ரியோஸ்டாட் இல்லாத சுற்றுக்கு மட்டும். (ஒரே தடிமன், ஒரே மாங்கனின் கம்பி, மின்கலத்தின் அகத்தடையை விட்டுவிட்டேன். கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள்.)

அப்புறமும் பெரிய பலகைகள் திரும்பி வரவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953இல் சிக்ரி திறந்த ஊர் இது. மின்வேதியியலுக்கே ஆய்வகம் வைத்த ஊரில் பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் கம்பி வைக்க மேசையில் இடமில்லையாம்! பலகைகள் அசல் தேக்கு. பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன. இங்கே எதுதான் போகவில்லை? பாட்டன் வீடு கட்ட பர்மாவிலிருந்து இறக்கிய தேக்குத் தூணைப் பேரன் அடி கணக்கில் விலை பேசுகிறான். கேட்டால், பங்காளிகள் நாற்பது பேர், வீட்டைப் பராமரிக்க யாருமில்லை என்கிறான்.

சரி, உங்கள் பிராக்டிகலுக்கு: முதலில் ஜாக்கியைக் கம்பியின் இரு கோடியிலும் தொட்டுப் பாருங்கள். முள் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால்தான் நடுவில் தேட வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்தால் முதலில் செல்லின் நேர்முனை சரியான பக்கம் இருக்கிறதா பாருங்கள், அடுத்து ரியோஸ்டாட்டைக் குறையுங்கள்.