ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களின் கேள்விகள்

அக்டோபரில் குளிர்காலப் பருவம் தொடங்குகிறது. கிளம்பத் தயாராகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நான் அங்கே ஆகன் நகரில் முதுநிலை முடித்து, இப்போது ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அங்குள்ளவர்கள் எதை மதிக்கிறார்கள், எதில் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். விசா, வங்கி விஷயங்களுக்கு நான் சரியான ஆள் இல்லை.

கோவை: அக்கா, வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமானால் உள்ளே விடமாட்டார்களா?

விடுவார்கள். அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10:15-க்குத்தான் தொடங்கும். எஸ்.டி. என்றால் சரியாக 10. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல், பயப்பட வேண்டாம். தனியாக ஒருவரைச் சந்திப்பதாக இருந்தால் மட்டும் கண்டிப்பு வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்த உடனே செய்தி அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் சொல்லும் காரணத்துக்கு அங்கே மதிப்பு குறைவு.

சேலம்: முடக்கக் கணக்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்து, அங்கே போனபின் மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு இது. 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இது மாறும், தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

மதுரை: பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது? எதிர்த்துப் பேசினால் மார்க் குறையுமா?

இதை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டீட், ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து ஒரு கணக்குப் போட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதுதான் கணக்கு. இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. பழைய கணக்கு, அதுவும் ஒரே கம்பெனி ஆட்கள். தனி மனிதர் யாரையும் இதை வைத்து எடைபோட முடியாது. ஆனாலும் செமினாரில் போய் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். பேராசிரியர் ஒரு வரைபடத்தைக் காட்டுவார். ஒரு மாணவி கையைத் தூக்கி, "உங்கள் தரவிலிருந்து இந்த முடிவு வராதே" என்பாள். அவரும் யோசித்துப் பதில் சொல்வார், மார்க் ஒன்றும் குறையாது. அதே மாணவி மின்னஞ்சலில் அவர் பட்டத்தை விடாமல் எழுதுவாள், 'நீங்கள்' என்றுதான் பேசுவாள்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். "புரிந்ததா?" என்று வழிகாட்டி கேட்பார். புரியாமலேயே தலையாட்டிவிட்டு வருவோம். அவர் அதை அப்படியே நம்பிவிடுவார். சில வாரம் கழித்து வேலை நடக்காமல் நிற்கும்போது, நாம் மரியாதை என்று செய்தது அவருக்குப் பொய்யாகத் தெரியும். தயவுசெய்து புரியாமல் தலையாட்டாதீர்கள்.

திருச்சி, ஒரு தந்தை: குருவை எதிர்த்துப் பேசச் சொல்லிக்கொடுக்கிறீர்களே அம்மா. நாளைக்கு வீட்டிலும் இப்படித்தானே பேசுவார்கள்?

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. மரியாதையை விடச் சொல்லவில்லை. ஒருவர் எழுதியதை முழுசாகப் படித்து, அதில் சந்தேகம் எழுந்து கேட்பது அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்று அங்கே நினைக்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. மாணவர் கடமைகளைச் சொல்லும் நன்னூல், ஆசானைச் சார்ந்து கேட்பதோடு 'வினாதல், வினாயவை விடுத்தல்', அதாவது கேள்வி கேட்பது, கேட்டதற்குப் பதில் சொல்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கேட்காமல் இருப்பதுதான் அடக்கம் என்று நாம் நடுவில் பழகிவிட்டோம். உங்கள் பிள்ளை வீட்டில் காரணம் கேட்டால், தயவுசெய்து கோபப்படாமல் சொல்லுங்கள்.

மியூனிக்: நான் அப்படிக் கேட்டேன் அக்கா, வழிகாட்டி முகமே மாறிவிட்டது. எல்லா ஜெர்மானியரும் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை.

உண்மைதான். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதல் சில வாரம் மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்தில் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் தனியாகக் கேளுங்கள். கேட்பதையே விட்டுவிடாதீர்கள்.

சென்னை: அப்படியானால் இந்த 77, 35 எல்லாம் எதற்கு? ஒரு நாட்டையே முத்திரை குத்துவதுதானே?

அவர்களை அளக்க என்றால் வேண்டாம், நானும் உங்கள் பக்கம்தான். அந்த 77-க்காகத்தான் நான் இதை எடுத்தேன். சார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, பெரியவர் பேசும்போது குறுக்கிடாதது, முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லாதது எல்லாம் மனித இயல்பு என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம். அது நாம் வளர்ந்த விதம் என்று தெரிந்திருந்தால், யாராவது பட்டென்று "இது தவறு" என்னும்போது அவமானமாகத் தோன்றாது. அறைக்குள் முடங்கிப்போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலூர்: முடக்கக் கணக்குக்கு எவ்வளவு வேண்டும்?

சேலத்துக்குச் சொல்லிவிட்டேன்.

ஈரோடு: சீனியர் அண்ணனின் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதலாமா?

கூடாது. ஆய்வேட்டில் எடுத்தாண்டதைச் சொல்லாத குற்றச்சாட்டில் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011-இலும், கல்வி அமைச்சர் ஷாவான் 2013-இலும் பதவி விலகினார்கள். இருவரின் முனைவர் பட்டமும் பறிபோனது. அமைச்சருக்கே அப்படி என்றால் மாணவருக்கு எப்படி இருக்கும்? நண்பர்களோடு சேர்ந்து படியுங்கள், எழுதுவதைத் தனியாக எழுதுங்கள்.

திருநெல்வேலி: அவர்களோடு நட்பாவது கஷ்டமாமே?

மெதுவாகத்தான் நெருங்குவார்கள். விளையாட்டுக் குழு, பாட்டுக் குழு என்று வாரா வாரம் அதே முகங்களைப் பார்க்கும் இடத்தில் சேருங்கள். பிறந்தநாள் வந்தால் கேக்கை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், நம் பள்ளியில் மிட்டாய் கொடுப்பது போல. பிறந்தநாளுக்கு முன்பே யாருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள், துரதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள்.

கடலூர்: நிறத்தைப் பார்த்து ஒதுக்கினால்?

நடக்கிறது, முக்கியமாக வீடு தேடும்போது. அதைக் கலாச்சார வித்தியாசம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். 2006-இலிருந்து சமநடத்தைச் சட்டம் இருக்கிறது, பாகுபாட்டுக்கு எதிரான கூட்டாட்சி அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

தஞ்சாவூர்: கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஜெர்மன் படியுங்கள், ஆங்கிலத்தில் பாடம் என்றாலும். அப்புறம், இப்போது படிக்கும் கல்லூரியிலேயே ஒரு ஆசிரியரிடம் "சார், எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே போய்த் தொடங்குவதைவிட இங்கே பழகுவது சுலபம்.