தாளிப்பு வடகத்தில் பூசணம்: காரணம் ஈரம்தான்

வணக்கம். கடலூர் முதுநகரில் மாடியில் காயவைத்த வடகம் நாலாம் நாளே உள்ளே பூசணம் பூத்ததாக எழுதியிருந்தீர்கள். வெங்காயச் சாற்றைப் பிழியாமல் அதோடு பெரிதாக உருட்டியதுதான் காரணம். பூத்ததைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

1 கிலோ சின்ன வெங்காயம், 200 கிராம் பூண்டு இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25 கிராம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், 75 கிராம் கல்லுப்பு போட்டுப் பிசைந்து இரவு மூடிவையுங்கள். காலையில் ஒட்டப் பிழிந்து, எலுமிச்சை அளவில் உருட்டி வெயிலில் வையுங்கள். சாற்றையும் தனியே வெயிலில் வைத்து, மாலையில் உருண்டைகளை உதிர்த்து அதிலேயே ஊறவிடுங்கள். சாறு முழுக்க இழுக்கும்வரை தினமும் இப்படியே. அப்போது வரும் புளித்த வாடை கெடுதல் இல்லை, ருசியே அதில்தான். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் கல்லாகக் காயவிடுங்கள். கடற்காற்றில் ஈரம் ஏறும், பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள்.