மதம் மாறினால் முதல் கல்யாணம் முறியுமா?

தாராவி தங்கச்சிக்கு, "முஸ்லிமாக மாறி இன்னொருத்தியைக் கட்டுவேன், யார் கேட்பது?" என்று உங்கள் அத்தான் அக்காவை மிரட்டுவதாக எழுதியிருந்தீர்கள். வெறும் உதார். மதம் மாறியதால் மட்டும் இந்துத் திருமணம் முறியாது; விவாகரத்து வாங்காமல் செய்யும் இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று 1995-லேயே சரளா முத்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 7 ஆண்டு வரை சிறையும் உண்டு.

அவர் பிடித்துத் தொங்கும் குர்ஆன் 4:3 வசனம், நீதியாக நடக்க முடியாதென அஞ்சினால் ஒருத்தியே என்கிறது. அதைப் பலதார மணத்துக்கு அனுமதி என்று வாசிப்பவர்கள் பலர். கட்டுப்பாடு என்பவர்களும் உண்டு. முஸ்லிம் நாடான துனிசியா 1956-லேயே பலதார மணத்தைத் தடை செய்தது.

சரி, மீறிச் செய்தால்? அக்காவுக்காக நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். இரண்டாவது கல்யாணச் சடங்கு நடந்ததை நிரூபிக்க வேண்டும். நிக்காஹ்நாமா (முஸ்லிம் திருமண ஒப்பந்தப் பத்திரம்) நகல், போட்டோ கிடைத்தால் விடாதீர்கள்.