சவரக்கத்தி பழகும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 27 வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். வங்கியில் வேலை, அதனால் தினமும் சேவ் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மடக்குச் சவரக்கத்தியால் எடுக்கப் பழகும் ஆசையில் இணையத்தில் 3,500 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். அது மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது. அழுத்தினால் தோல் கீறுகிறது. நாடியில் இரண்டு தரம் வெட்டிக்கொண்டேன். இப்போதே துருப் புள்ளிகளும் வந்துவிட்டன. அம்மா குப்பையில் போடச் சொல்கிறார். என் கைதான் சரியில்லையா? சலூன்களில் பாவிக்கும், பிளேட் மாற்றுகிற கத்தியில் பழகினால் சுலபமா? டிசம்பரில் கனடாவிலிருந்து வரும் மச்சான் நல்லதொன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். என்ன வாங்கச் சொல்ல? சீனி வருத்தம் உள்ள அப்பாவுக்கும் இதில் ஆசை வந்திருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் கையைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. இழுக்கிறது, அழுத்தினேன், கீறியது என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கூர் போதாத கத்தி மயிரை இழுக்கும். இழுத்தால் யாருடைய கையும் தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் வெட்டுப்படும். கூரான கத்திக்கு அதன் சொந்தப் பாரமே போதும், கை வழிகாட்டினால் சரி.

புதுக் கத்தி என்றால் கூராகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மடக்குக் கத்தியில் அப்படியில்லை. பேர்பெற்ற கம்பனிகளின் கத்தியைக்கூட முகத்தில் வைக்குமுன் கல்லில் ஒருமுறை தீட்ட வேண்டி வரும். மலிவுச் சாமான்களில் இரும்பே மென்மையாக இருக்கும், முதுகு கோணியிருக்கும், தீட்டினாலும் கூர் நிற்காது. சந்தேகமிருந்தால் உங்கள் தலைமயிர் ஒன்றைப் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் வாயை (வெட்டும் விளிம்பை) அதில் மெதுவாகப் படவையுங்கள். சத்தமில்லாமல் அறுந்து விழுந்தால் கத்தி தயார். வளைந்து நழுவினால் முகத்துக்கு வேண்டாம். காகிதத்தை வெட்டுகிறது, கை மயிரை வழிக்கிறது என்பதெல்லாம் இதற்குப் போதாது.

அதற்காக இதைக் கொண்டுபோய்க் கத்தரிக்கோல் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சக்கரத்தில் பிடித்தால் மெல்லிய வாய் சூடேறி இரும்பின் உறுதி போய்விடும். இந்தக் கத்தியைத் தட்டையான கல்லில், முதுகும் வாயும் ஒருசேரப் பட வைத்துத்தான் தீட்டுவது. கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான். இலக்கம் கூடக் கூடக் கல் நுண்மையாகும், 1000 இலக்கக் கல்லில் தொடங்கி 4000, 8000 என்று ஏறி, 12000 வரை போகிறவர்களும் உண்டு. அது தனியாக ஒரு கலை. சேவ் எடுக்கவும் தீட்டவும் ஒரே நேரத்தில் பழகத் தொடங்கினால், வலிக்கும்போது பிழை கையிலா கூரிலா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஆகவே இந்த 3,500 ரூபாவை மறந்துவிடுங்கள். அம்மா சொன்னதில் பாதி சரி, குப்பைக்கு வேண்டாம், தோல்வாரில் தீட்டிப் பழக அது உதவும்.

ஒரு பக்கம் தோலும் மறுபக்கம் துணியுமான அந்த வாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தியைக் கெடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஒவ்வொரு சேவுக்கும் முன்னால் கத்தியை வாரில் இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கும் வாயை அது நேராக்கி மெருகேற்றும். முதலில் துணிப் பக்கத்தில் 15, 20 தரம், அப்புறம் தோல் பக்கத்தில் 30 முதல் 50 வரை. கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக வாய் பின்னால் வர இழுங்கள். முனைக்கு வந்ததும் முதுகு வாரைவிட்டு எழும்பாமல் அதன் மேலேயே உருட்டித் திருப்புங்கள். வாய்ப் பக்கமாகத் திருப்பினால் வாரும் கிழியும், கூரும் போகும். வாரை இறுக்கிப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். சலூன்காரர் படபடவென்று இழுப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், வேகம் பிறகு தானாக வரும். முதல் வாரில் எப்படியும் இரண்டு மூன்று வெட்டு விழும் என்பதால் மலிவானதாகவே வாங்குங்கள். ஒழுங்காக இழுத்து வந்தால் மாதக்கணக்கில் கல் தேவைப்படாது.

இனிச் சலூன் கத்தி. இரட்டைப் பக்கப் பிளேடை நடுவில் முறித்துப் போடுகிறார்களே, அதில் தீட்டுகிற வேலை இல்லை, உண்மைதான். ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பிளேட் போட முடிவதால் இரத்தத்தால் பரவும் நோய்களுக்கும் பயமில்லை. (சலூனுக்குப் போனால் உங்கள் கண்முன்னே பிளேடை மாற்றச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.) ஆனால் பழகுவதற்குச் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பாரம் குறைந்தது, கை தானாக அழுத்தப் பார்க்கும். பிளேடோ மிக மெல்லியது, கோணம் சற்றுப் பிசகினாலும் விடாது. நன்றாகத் தீட்டிய மடக்குக் கத்தி அதைவிடப் பொறுமையானது. கல்லும் வாரும் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் மட்டும் சலூன் கத்திக்குப் போங்கள்.

சரி, கூரான கத்தி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலைநாள் காலையில் தொடங்காதீர்கள். காலி வீதி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பழகுகிற வேலையா இது? போயா விடுமுறைக்கு ஆறுதலாக ஆரம்பியுங்கள். குளித்துவிட்டு வாருங்கள். பைப்பில் சுடுதண்ணீர் வராவிட்டால் கேத்தலில் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, துவாயை நனைத்துப் பிழிந்து முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஊறிய மயிரை வெட்டக் குறைந்த விசை போதும். டின்னில் வரும் நுரையைவிட, சேவிங் சவர்க்காரத்தைப் பிரஷ்ஷால் தண்ணீர் சேர்த்துக் குழைத்த நுரை நல்லது. மின்விசிறிக்குக் கீழே நின்றால் எந்த நுரையும் பாதியிலேயே காய்ந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் கன்னங்கள் மட்டும். கிருதாவுக்குக் கீழே தொடங்கித் தாடை எலும்புக்கு மேலே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை உங்கள் பழைய றேசரால் எடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தியின் முதுகுக்கும் தோலுக்கும் இடையில் முதுகின் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் ஏறக்குறைய 30 பாகை வரும். அதைவிடப் படுத்தால் இழுக்கும், நிமிர்ந்தால் கீறும். மற்றக் கையால் தோலை மேல்நோக்கி இழுத்து இறுக்கிக்கொண்டு, மயிர் வளரும் திசையில் சின்னச் சின்னதாக இழுங்கள். பாண் வெட்டும்போது கத்தியை முன்னும் பின்னும் இழுக்கிறோம் அல்லவா, முகத்தில் அந்த அசைவு வரவே கூடாது. வாயின் நீளப்போக்கில் கத்தி ஒரு மயிரளவு வழுக்கினாலும் வெட்டுத்தான். உங்கள் நாடிக் காயங்களில் ஒன்றாவது அப்படி வந்ததாக இருக்கும்.

கன்னம் பிடிபட்ட பிறகு கழுத்து. அங்கே மயிர் ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் சரிவாகவும் வளரும், விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். நாடியையும் மேலுதட்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாடிக்குக் கீழுதட்டைப் பல்லின் மேல் இழுத்து மடித்தால் தோல் இறுகும். எதிர்த் திசையில் வழிப்பதைச் சில மாதத்துக்கு மறந்துவிடுங்கள். வங்கி மானேஜர் கன்னத்தைத் தடவிப் பார்க்கப் போவதில்லை. கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். சின்னக் கீறலுக்குச் சீனக்காரக் (படிகாரக்) கட்டியை நனைத்துத் தடவினால் போதும். ஆழமான வெட்டானால் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

துருவுக்கு நீங்கள் இருக்கும் இடமே காரணம். கடலுக்கும் உங்கள் ஜன்னலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது. கரிமம் கூடிய உருக்கு உப்புக்காற்றில் ஒரே இரவில் புள்ளி போடும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் மோசம். துருப்பிடிக்காத உருக்கு என்று விற்பதும் முழுதாகத் தப்பாது. அந்தப் புள்ளி கத்தியின் வாயில் விழுந்தால் கூர் அங்கேயே பொடிந்துவிடும். சேவ் முடிந்ததும் கழுவித் துவாயால் துடையுங்கள், கைப்பிடிக்குள் இருக்கும் இடுக்கையும் மறக்காமல். திறந்தபடியே சற்று உலரவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைப் பூசி மடியுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம், தோலுறையிலும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு அலுமாரியில், சின்னப்பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

அப்பாவுக்கு வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குக் காயம் ஆறச் சுணங்கும், கிருமியும் எளிதில் தொற்றும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோ வார்ஃபரினோ எடுக்கிறார் என்றால் பேச்சே இல்லை. மின்சார சேவர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆசைக்கு, உங்கள் கத்தியை வாரில் இழுக்கிற வேலையை அவரிடம் விடலாம்.

மச்சானிடம் ஜேர்மனியின் ஸோலிங்கன் நகரத்தில் செய்த கத்தியைத் தேடச் சொல்லுங்கள். அந்தப் பெயரைக் கண்டபடி பொறிக்க முடியாதபடி ஜேர்மனியில் 1938இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அலகின் அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம் போதும். முனை வட்டமாக இருக்கட்டும், கூர்முனை காது மடலைப் பதம் பார்க்கும். சேவ் எடுக்கத் தயாராகக் கல்லில் தீட்டித் தருகிற விற்பனையாளரிடமே வாங்கச் சொல்லுங்கள், அதற்குத் தனிக்காசு கேட்டாலும் கொடுக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் செய்த பழைய கத்தி மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், வாயில் வெடிப்போ துருக்குழியோ இல்லாவிட்டால். தோல்வாரையும் கூடவே வாங்கட்டும். கத்தியை மட்டும் கைப்பையில் போடாமல் விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது டொரொண்டோ விமான நிலையத்தைத் தாண்டாது.