ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க எவ்வளவு கூடுதலாக ஒதுக்குவது?

தக்கலையிலுள்ள பழைய ஓட்டு வீட்டுக்கு ஒப்பந்தக்காரர் 3,80,000 ரூபாய் மதிப்பிட்டிருக்க, கையிலிருக்கும் 4,00,000 ரூபாய் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஓட்டைப் பிரித்த பிறகே உத்திரமும், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியவருமாதலால், 15 சதவீதமாவது, அதாவது 57,000 ரூபாய், தனியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில், பார்வைக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு கழுக்கோலின் முனை, விரலால் அழுத்தியதும் கறையான் மண்ணாக உதிர்ந்தது. அதன்பின் ஆசாரி தட்டிப் பார்த்த ஒவ்வொரு தட்டும் எனக்குச் செலவுக் கணக்காகவே கேட்டது!

குறையும் 37,000 ரூபாய்க்குக் கடன் வாங்காமல், தரைக்கு டைல்ஸ் பதிப்பதைத் தள்ளிவையுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்வதால், ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் கூரையை மூடிவிட வேண்டும். அதுவரை அந்த ஒதுக்கீட்டுத் தொகையைப் பெயின்டுக்கோ விளக்குகளுக்கோ எடுக்காதீர்கள்.