வாசகர் கேள்வி: ரோங்மெய் மக்கள் யார்?

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் ரோங்மெய் மாணவி, தன்னை நாகர் என்கிறாள், சொந்த ஊர் மணிப்பூர் என்கிறாள். நாகர்கள் நாகாலாந்துக்காரர்கள் அல்லவா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அவர் சொன்ன இரண்டும் சரியே. நாகர் என்பது ஒரு மாநிலத்தாரின் பெயரன்று; பல பழங்குடிகளுக்குரிய பொதுப்பெயர். அவர்களுள் ரோங்மெய்கள் மணிப்பூரின் தமெங்லோங், நோனி மாவட்டங்களிலும், அசாம், நாகாலாந்தின் சில பகுதிகளிலும் வாழ்கின்றனர். அரசு ஆவணங்கள் நெடுங்காலம் அவர்களைக் 'கபுய்' என்றே குறித்தன. ஜெமே, லியாங்மெய் ஆகிய உறவுக் குடிகளோடு சேர்ந்து செலியாங்ரோங் என்றும் தம்மை அடையாளப்படுத்துகின்றனர்.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போராடி, 1931-இல் அவர்களால் தூக்கிலிடப்பட்ட ஜாதோனாங்கும், அவருக்குப்பின் போராட்டத்தை ஏற்று நடத்தி, 1932-இல் 17 வயதில் கைதாகி, நாடு விடுதலை பெறும்வரை சிறையிலிருந்த ராணி கைதின்லியுவும் இம்மக்களே. கைதின்லியுவை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

அறுவடைக்குப் பின் வரும் கான்-நாய் விழாவில், மரத்தையும் மூங்கிலையும் உரசி எடுக்கும் புது நெருப்பை வீடுதோறும் அடுப்புக்குக் கொண்டுசெல்வார்கள். உங்கள் நீலகிரியின் தொதவர்களும் சடங்குகளுக்குக் கட்டை கடைந்தே நெருப்பு எடுத்தவர்கள். இன்று ரோங்மெய்களில் பலர் கிறித்தவர்கள். முன்னோர் சமயத்தை விடாமல் காத்துவருவோரும் இருக்கின்றனர்.