நுண்கடன், அதாவது ஏழைகளுக்கு அடமானம் இல்லாமல் தரும் சிறு கடன், ஒரு குடும்பத்தைச் சொந்தக் காலில் நிற்க வைக்குமா?

எங்கள் வீட்டில் வைத்தது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் எங்களுடையது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தில்தான். அம்மா குழுவில் சேர்ந்தபோது வாரச் சேமிப்பு 10 ரூபாய். கூலி கிடைக்காத வாரம் முட்டை விற்றாவது கட்டிவிடுவார்.

அதற்கு முன்பெல்லாம் அவசரத்துக்குத் தண்டல்காரர்தான். 1,000 ரூபாய் கேட்டால் 850 கொடுத்துவிட்டு, தினம் 10 ரூபாயாக 100 நாள் வாங்குவார். குழுவில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. அந்த வட்டியும் வெளியே போகாது. குழுக் கணக்கில் சேர்ந்து இன்னொரு பெண்ணுக்குக் கடனாகும். அம்மாவின் முதல் கடன் தொழிலுக்கு அல்ல, அடகில் மூழ்கவிருந்த தோட்டை மீட்கத்தான். அதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காதில் தோடு இருந்ததால்தான் அடுத்த அவசரத்துக்கு அவர் தண்டல்காரரிடம் போகவில்லை.

பிறகு குழு மூலம் கிடைத்த வங்கிக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினார். சொசைட்டியில் பால் ஊற்றிய பணத்தில் தவணை ஒழுங்காகப் போனது, மாடு வற்றும் வரை. சினை மாட்டுக்குத் தீவனச் செலவு உண்டு, பால் வரவு இல்லை. குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் வீட்டிலும் மாடு இருந்தது. கன்று ஈனும் வரை அம்மா வட்டி மட்டும் கட்டினால் போதும், வங்கித் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். அந்தக் கிடேரிக் கன்றுதான் எங்கள் இரண்டாவது மாடு. என் பாலிடெக்னிக் கட்டணம் அதன் பாலில் வந்தது.

என் சித்திக்கு இப்படி அமையவில்லை. வாரத் தவணை வசூலிக்கும் மூன்று தனியார் நிறுவனங்களில் கடன். ஒன்றை அடைக்க இன்னொன்று. வாங்கியதெல்லாம் மருத்துவமனைக்குப் போனது. வருமானம் தரும் பொருள் எதுவும் கையில் இல்லை. வேலை இல்லாத வாரத்திலும் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணைக் கடன் வாங்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். வருமானம் எந்தெந்த மாதங்களில் நிற்கும், அப்போது தவணையை யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.